எதிரி கொஞ்சம் நின்றால் என்ன என்று கேட்ட மச்சானுக்கு

என் அன்பு மச்சான் குலத்துக்கு, மூன்றாம் மாடி முன்னறையின் சக்கரவர்த்திக்கு, வெள்ளவத்தையிலேயே அதிகம் எழுதி மிகக் குறைவாகப் பேசிய மனிதனுக்கு,

நாங்கள் சுகம். அங்கே கரண்ட் வெட்டு உண்டா? இங்கே குறைந்துவிட்டது. சந்தியில் அடுக்கியிருந்த மண்மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். அவை இருந்த இடத்தில் நடைபாதை மட்டும் வெளிறித் தெரிகிறது, கட்டு அவிழ்த்த கையைப்போல. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து, உன் தமக்கை பஸ்ஸில் போய் பஸ்ஸிலேயே திரும்பியும் வந்துவிட்டா. இது நிலைக்குமா என்று கேட்காதே. நிலைக்கும் என்று நான் காலி வீதி முழுக்கச் சொல்லித் திரிகிறேன். 'நீ சொன்னது எது நடந்திருக்கிறது?' என்று என்னைக் கேட்டு நீ சிரிப்பதும் கேட்கிறது.

எழுத வந்த சங்கதி வேறு. உன் மகள் தர்சினிக்கு நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை, நேர்முகப் பரீட்சை. கொம்பனித்தெருவில் ஒரு கம்பியூட்டர் நிறுவனம். மற்றவர்கள் எழுதுகிற புரோகிராம்களில் பிழை பிடிக்கிற வேலை. பிழை பிடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் மச்சான்! நம் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் இதை இலவசமாகத்தான் செய்துவந்தோம்.

ஆனால் போகமாட்டேன் என்கிறாள்.

"நாலு பேர் மேசைக்கு அங்கால இருந்து பாத்துக்கொண்டிருப்பினம் மாமா. என்ர பேரைச் சொல்லவே எனக்கு அரை நிமிசம் வேணும். அதுக்குள்ள அவை தேத்தண்ணி குடிச்சு முடிச்சிடுவினம்."

உன் மூக்கு அவளுக்கு வந்தது. உன் பிடிவாதம் வந்தது. உன் திக்குவாயும் அப்படியே வந்திருக்கிறது. என் தங்கை ராணி, அதாவது உன் பெண்சாதி, என்னைக் கூடப் போய் அவளுக்காகக் கதைக்கச் சொல்கிறா. "அண்ணைக்கு வாய்தானே மூலதனம், போய்க் கதைச்சு எடுத்துக் குடுங்கோவன்" என்கிறா. நான் பழைய சந்திரன் என்றால் இந்நேரம் கழுத்துப்பட்டி கட்டியிருப்பேன். இப்போது எனக்குக் கால் எழும்பவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டும். உன்னிடம் ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. இதைப் பத்திரிகையில் போடப்போகிறேன் என்று தர்சியிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் வெட்டினாள். நான் அழகாக எழுதிய இரண்டு இடம்.

பக்கத்தில் நின்று வாசிக்கிறவர்களுக்கு ஒரு சிறு விளக்கம், நீ பொறுத்துக்கொள். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள். ஒருவன் கட்டடப் படம் வரைபவன், அது நீ; மற்றவன் மூக்குக்கண்ணாடி விற்பவன், அது நான். இருவரும் வேலை விட்டு வந்ததும் தொலைக்காட்சிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து, வீரர்களாக வேடம் பூண்டு பூதங்களோடு சண்டை பிடித்தார்கள். அந்த வீடியோ விளையாட்டுக்கு அட்டையில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. அட்டையில் ஒரு மலையும் மலைமேல் ஒரு கோட்டையும் இருந்தபடியால் நாங்கள் அதை மலைக்கோட்டை என்றோம். சீடியை வாங்கியது நிஸார் நானாவின் கடையில், புடைவைக் கடைக்குப் பின்னால், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில்.

மலைக்கோட்டை முதலாம் பாகத்தில் சண்டை என்றால் கலியாண வீட்டுப் பந்தி. நம் ஆட்கள் ஒரு வரிசை, பூதங்கள் எதிர் வரிசை. நம் முறை வந்தால் பூதம் ஒரு விரலையும் அசைக்காது. வாளா, மருந்தா, மந்திரமா என்று நாம் தீர்மானிக்கும்வரை நிற்கும். ஒருநாள் நீ ஒரு பூதத்தை நிறுத்திவைத்துவிட்டுப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விளம்பரம் உட்பட வாசித்துவிட்டு வந்தாய். அது அதே இடத்தில், அதே கோபத்தோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அவ்வளவு பண்பான பிறவியை நான் மனிதரில் கண்டதில்லை.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. அதில் பந்தியை எடுத்துவிட்டு புஃபே வைத்துவிட்டார்கள். முறையும் இல்லை, வரிசையும் இல்லை. நீ மருந்துப் போத்தலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பூதம் வந்து முதுகில் போடும். நான் துள்ளினேன். இதுவல்லவோ சண்டை! என் கூச்சலில் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைச் சிங்கம் எழும்பி உட்கார்ந்ததாகக் கேள்வி. நீ கையிலிருந்த விசைக் கருவியை மெதுவாகப் பாயில் வைத்தாய்.

"இ... இவன் என்னை யோ... யோசிக்க விடுறானில்லை, மச்சான்."

நிஸார் நானாவின் கடையில் ஒரு கொப்பி நூலில் தொங்கியது நினைவிருக்கிறதா? விளையாடினவர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்காக நானா கட்டிவைத்தது. இரண்டாம் பாகம் வந்த மாதம் அந்தக் கொப்பி பட்ட பாடு! 'சண்டை திறம், ஆனால் ஊர்கள் எல்லாம் ஒரே அச்சு' என்று ஒருவர். 'முதலாம் பாகத்தில் கடைக்காரக் கிழவனோடு கதைக்கலாம். இதில் வாங்கிக்கொண்டு போ என்று துரத்துகிறான்' என்று இன்னொருவர். 'வில்லுக்காரியின் உடுப்பைக் குறைத்தவன் யார், அவளுக்குக் குளிராதா' என்று ரியூசனுக்கு வருகிற ஒரு பிள்ளை. நீ பதினொரு பக்கம் எழுதினாய். வாயால் அரை மணி எடுப்பதைப் பேனாவால் ஆற்றுவெள்ளமாக விட்டாய். அதில் ஒரு பகுதி எனக்கு மனப்பாடம்:

'முதலாம் பாகத்தின் எதிரி பலசாலி. ஆனால் மரியாதை தெரிந்தவன். இரண்டாம் பாகத்தின் எதிரி பலசாலி அல்லன், அவசரக்காரன். அவசரமும் கடினமும் ஒன்றல்ல. எதிரி கொஞ்சம் நின்றால் என்ன? நின்றால் அவனுடைய பலம் குறைந்துவிடுமா?'

அடுத்த பக்கத்தில் என் பதில் வந்தது. உலக இலக்கியத்தில் அதற்கு நிகரான நையாண்டி இல்லை என்று அப்போது நினைத்தேன். கடைசி வரி இது: 'பதில் சொல்லத் தாமதிக்கிறவனுக்கு மலைக்கோட்டையில் இடமில்லை.'

கடையே சிரித்தது. நிஸார் நானா மட்டும் சிரிக்கவில்லை. "சந்திரன் சேர், இத கிழிச்சிப் போடட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். இலக்கியத்தைக் கிழிப்பதா என்று நான் மறுத்துவிட்டேன். நீ அதை வாசித்தாய். கொப்பியை மூடி, நூலைச் சுற்றி, ஆணியில் மாட்டினாய். அதன் பிறகு நீ அதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

எழுதும்போது விளையாட்டைத்தான் நினைத்தேன், மச்சான். சத்தியமாக. ஆனால் அதற்கு ஒரு கிழமை முந்தித்தானே சந்திக் காவலரணில் நம் இருவரையும் மறித்தார்கள்? அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் படையாள் உன்னைப் பெயர் கேட்டான். நீ தொடங்கினாய். முதல் எழுத்து வந்து உதட்டில் நின்றது. நான் உடனே, "குலேந்திரன், குலேந்திரன், என்ர தங்கச்சின்ர புருசன்" என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கொட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓயா நெவெய். எயா கியன்ன ஓன."

'நீ அல்ல, அவன்தான் சொல்லவேண்டும்' என்று எனக்குச் சிங்களத்தில் சொன்னான். அந்த அரை நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை. நீ உன் பெயரைச் சொல்லி முடித்தாய். அட்டை கைக்கு வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பகிடி விட்டுக்கொண்டே வந்தேன். பயத்தில் எனக்கு வருவது அது ஒன்றுதான். நீ வந்ததும் சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் முதலாம் பாகத்தைப் போட்டு, ஒரு பூதத்துக்கு முன்னால் இருந்தாய். அது நின்றது. நீ யோசித்தாய். அது இன்னும் நின்றது.

இதைக் கண்ணால் பார்த்தவன் ஒரு கிழமை கழித்து அந்த வரியை எழுதுவானா? எழுதினேனே.

இனி வருவதுதான் பெரிய குற்றம்.

இரண்டாம் பாகம் நமக்குக் கிடைத்தது ஜப்பான் மொழியில். ஒரு எழுத்தும் விளங்காது. ஆனாலும் விட்டோமா? ஒவ்வொரு பட்டியலிலும் எத்தனையாவது வரி என்ன செய்யும் என்று தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, நீ உன் வரைபடக் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதித் தொலைக்காட்சிப் பெட்டியில் ஒட்டினாய். முதலாம் வரி சத்தம். இரண்டாம் வரி வெளிச்சம். மூன்றாம் வரி என்னவென்று தெரியாது, ஆனால் ஆபத்தில்லை. அப்படிப் போகும்.

ஒருநாள் நான் தட்டுத்தடுமாறிக் கடைசி வரியை அமர்த்தி மாற்றிவிட்டேன். அடுத்த சண்டையில் நீ மருந்துப் பெட்டியைத் திறந்ததும், பாய்ந்து வந்த பூதம் அப்படியே நின்றது. நகத்தைத் தூக்கியபடி, வாயைத் திறந்தபடி. நீ பெட்டியை மூடினாய், பாய்ந்தது. திறந்தாய், நின்றது. உன் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கலியாணத்தன்றும் நீ அப்படிச் சிரிக்கவில்லை. ராணி வாசிப்பா, மன்னிக்கட்டும்.

"நி... நிக்குது, மச்சான்!"

"நிக்குதில்லை, இறுகுது. சீடி கீறுப்பட்டிட்டுது. விடு, நான் பாக்கிறன்."

நான் பார்த்தேன். சீடியை வெளியே எடுத்தேன். பற்பசை பூசி, பழைய பெனியனால் உள்ளிருந்து வெளியே துடைத்தேன். வெள்ளவத்தையில் அன்று சீடி வைத்தியம் தெரிந்த ஒரே நிபுணன் நான்தான் அல்லவா? மெசினை அணைத்துத் திரும்பப் போட்டேன். நாம் சேமித்துவைக்காத அந்த மாற்றம் அணைத்ததோடு போய்விட்டது. பூதம் பழையபடி பாய்ந்து உன் முதுகில் போட்டது. "சுகமாக்கிப் போட்டன்!" என்று நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

"மு... முந்தி இருந்தது..." என்று நீ தொடங்கினாய்.

"முந்தி இருந்தது நோய் வருத்தம், மச்சான்" என்று நான் முடித்தேன். பிறகு உன் தாளின் அடியில் என் கையாலேயே எழுதினேன்: கடைசி வரியைத் தொடாதே.

நீ என்ன சொல்ல வந்தாய்? முந்தி இருந்தது நல்லாயிருந்தது என்றா? முந்தி இருந்தது போதும் என்றா? உன் வசனங்களில் பாதியை நான்தான் முடித்திருக்கிறேன். பஸ்ஸில், பாங்கில், பாண் வாங்க நிற்கும் வரிசையில், உன் சொந்தக் கலியாணப் பேச்சில். அன்பில் செய்தேன். அத்தனையும் சரியாக முடித்தேனா? நீ ஒரு தடவையும் திருத்தவில்லை. திருத்துவதற்கு நான் எங்கே இடம் விட்டேன்?

அடுத்த வருடம் ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோது உன் இதயம் நின்றது. அந்த மெசினை ராணி சீலையால் மூடி அலுமாரிக்கு மேல் வைத்தா. நானும் அதைத் தொடவில்லை.

போன மாதம், பாதை திறந்த புதினம் பார்க்கக் கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் தர்சிக்கு மலைக்கோட்டை இரண்டாம் பாகத்தை இங்கிலீசில் கொண்டுவந்து கொடுத்தார். சீலை விலகியது. நான் பக்கத்தில் இருந்து ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தேன், யாரும் கேட்காமலே. அவள் உன் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, இந்தக் கடைசி வரியை ஏன் தொடக்கூடாது?"

"அது ஒரு வருத்தம் பிள்ளை. சீடி இறுகும்."

"மாமா." என் பெரிய விளக்கம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "இ... இதில எழுதியிருக்கிறது, எ... எதிரி காத்திருக்க வேணுமா, வேண்டாமா எண்டு. வேணும் எண்டு போட்டா, நாங்க பட்டியலைத் திறந்து யோசிக்கிற நேரமெல்லாம் அது நிக்கும். அப்பாவுக்கு வேண்டின விளையாட்டு இதுக்குள்ளயே இருந்திருக்கு."

மச்சான், ஊருக்கெல்லாம் பார்வை விற்கிறவன் நான். என் கண்ணீரில் வெள்ளவத்தைக் கால்வாய் பெருகிப் பாலத்தைத் தொட்டது என்று எழுதியிருந்தேன். தர்சி வெட்டிய ஒரு இடம் அது. 'மாமா ஒண்டும் பேசாமல் இருந்தவர், அதை எழுதுங்கோ' என்றாள். ஒன்றும் பேசாமல் இருந்தேன்.

உனக்கு வேண்டியதை விளையாட்டைச் செய்தவர்களே கொடுத்திருந்தார்கள். நான் அதை நோயென்று சொல்லிப் பற்பசை பூசிக் குணப்படுத்தினேன்.

தர்சி அதைப் போட்டு விளையாடினாள். முடித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா எழுதினதும் முழுக்கச் சரியில்லை, நீங்க எழுதினதும் சரியில்லை. சண்டையில பிழை இல்லை மாமா. நிக்கச் சொல்லிக் கேக்கிற வழியை அடியில கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கினம் பாருங்கோ, அதுதான் பிழை. முதல் வரியில வச்சிருக்க வேணும்."

இப்போது உனக்கு விளங்குகிறதா, ராணி என்னைக் கூடப் போய்க் கதைக்கச் சொல்லும்போது ஏன் கால் எழும்பவில்லை என்று?

இன்று மத்தியானம் அவளிடம் கேட்டேன், என் வாழ்க்கையிலேயே மிகச் சின்னக் கேள்வி: "அவையளை நிக்கச் சொல்லிக் கேட்டா என்ன?" அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அறைக்குள் போனாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தாளோடு வந்தாள். இங்கிலீசில் இரண்டே வரி. எனக்குத் திக்கு உண்டு, பதில் சொல்ல நேரம் எடுக்கும். தயவுசெய்து காத்திருங்கள், என் வசனத்தை முடித்து வைக்காதீர்கள். இதை மேசையில் வைத்துவிட்டுத்தான் இருப்பாளாம்.

நான் அதில் 'மாண்புமிகு கனவான்களே' என்று தொடங்கி நான்கு பந்தி சேர்த்துக் கொடுத்தேன். அவற்றை இந்தக் கடிதத்திலும் எழுதியிருந்தேன்; அவள் வெட்டிய இரண்டாவது இடம் அதுதான்.

போகிறாளா என்று கேட்டேன். "தெ... தெரியேல்லை" என்றாள். ஆனால் அயன் பெட்டியால் சட்டை மினுக்குகிற சத்தம் கேட்கிறது. கடிதத்தை இத்தோடு நிறுத்திவைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, பின்னேரம்.

போனாள், மச்சான்!

பஸ்ஸில் நானும் போனேன். துணைக்கு மட்டும், வாய்க்கு அல்ல என்று ராணிக்கு முன்னால் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் கூட்டிப்போனாள். கட்டட வாசலில் காவலாளி புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "நம மொகத?" என்றார். பெயர் என்ன. பழக்கதோஷம், என் வாய் திறந்துவிட்டது. உன் மகள் குதியுயர்ந்த சப்பாத்தால் என் கால் பெருவிரலில் ஏறி நின்றாள். வலியில் எனக்குப் பதினான்கு உலகமும் தெரிந்தது. ஒன்றில் நீயும் தெரிந்தாய். அவள் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை விரலிலிருந்து இறங்கவில்லை. காவலாளி பேனாவைப் பிடித்தபடி நின்றார். எழுதினார். "ஹொந்தாய், நங்கி" என்றார், நல்லது தங்கச்சி என்று. அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

நான் எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் ஏழு பிளேன்ரீ குடித்தேன். இதில் மிகைப்படுத்தல் இல்லை, கடைக்காரரைக் கேட்டுப்பார்.

உள்ளே நடந்ததை அவள் திரும்பி வரும்போது கரையோர ரயிலில் சொன்னாள். நான்கு பேர் இல்லை, மூன்று பேர். தாளை வைத்தாள். நடுவில் இருந்த பெண்மணி அதை வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டா. ஓரத்தில் இருந்த இளைஞர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்மணி கேட்டா, நீங்களாகக் கண்டுபிடித்த ஒரு பிழையைச் சொல்லுங்கள் என்று.

தர்சி மலைக்கோட்டை இரண்டாம் பாகத்தைச் சொன்னாள். மேசையில் பட்டியலை வரைந்து காட்டி, முதல் வரியில் இருக்கவேண்டியது ஏன் கடைசி வரியில் இருக்கிறது என்று கேட்டாள். மணிக்கூடு பார்த்த இளைஞர் நிமிர்ந்தார்.

அவரும் விளையாடியவராம்! அதுவும் எப்படி? எதிரி நிற்கவே கூடாது, நின்றால் அது சண்டையே இல்லை, நிற்கிற வசதியைக் கொடுத்ததே அந்த இரண்டாம் பாகத்தின் பலவீனம் என்கிற ஆள். தர்சி விடுவாளா? உன் ரத்தம். நேர்முகப் பரீட்சை என்பதை மறந்து அவரோடு சண்டைக்குப் போய்விட்டாள். திக்கித் திக்கிச் சண்டை. அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவள் அடுத்த சொல்லை எடுக்கும்வரை வாயைப் பார்த்தபடி இருந்தாராம். பரிதாபத்தில் இல்லை, மச்சான். அவள் என்ன சொல்லித் தன்னை மடக்கப்போகிறாள் என்று அறிகிற ஆவலில்.

"வசதியை வை... வைக்கிறதால உங்கட சண்டை குறையுதா? உ... உங்களுக்கு வேண்டாம் எண்டா நீங்க அமத்தாதேங்கோ" என்று இங்கிலீசில் சொல்லியிருக்கிறாள். பெண்மணி சிரித்துவிட்டா. அவர் தோற்றுப்போனதாக ஒப்புக்கொள்ளவில்லையாம். இந்த விளையாட்டுக்காரர்கள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நான் ஒருவன்தான் ஒப்புக்கொள்கிறேன், அதுவும் நீ போன பிறகு.

வேலை கிடைத்துவிட்டதா என்றால், இன்னும் இல்லை. நிறுவனத்துப் பெரியவர் ஒருவர் பார்க்கவேண்டுமாம், வியாழக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சைக்கு வந்தவர்களில் இரண்டு பேரை மட்டும் திரும்பக் கூப்பிட்டிருப்பதாக அவளுக்கு ஒரு கணிப்பு. ராணி நேர்த்தி வைத்திருக்கிறா. நான் வேலை கிடைத்துவிட்டதாகவே காலி வீதியில் நான்கு கடைக்குச் சொல்லிவிட்டேன்.

ரயிலில் இதை அவள் சொல்லி முடிக்க கொம்பனித்தெருவிலிருந்து நம்முடைய ஸ்ரேசன் வரையுள்ள தூரம் போதாமல், இறங்கிக் கடலைப் பார்த்த பெஞ்சில் இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. இடையில் ஏழெட்டு இடத்தில் எனக்கு அடுத்த சொல் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது வேறு சொல். என்னுடையதைவிட நல்ல சொல். அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன், நான் எத்தனை நல்ல சொற்களைக் கேட்காமல் விட்டிருப்பேன் என்று.

ஆகவே இந்த வாக்குறுதி, சாட்சிகள் முன்னிலையில். நாளைக்கே நிஸார் நானாவின் கடைக்குப் போவேன். அந்தப் பழைய கொப்பி பரணில் கிடக்கிறதாம், கேட்டுவிட்டேன். என் நையாண்டிக்குக் கீழே, 'குலேந்திரன் கேட்டது நியாயம், நான் எழுதியது அநியாயம்' என்று எழுதிக் கையொப்பமிடுவேன். வியாழக்கிழமை அவள் தனியாகப் போகிறாள், நான் வரக்கூடாதாம். நான் வீட்டுக் கதவுக்கு உள்ளேயே இருப்பேன். திரும்பி வந்து, என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குவாள். முதல் சொல் வர எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி, அதை அவள் வாயிலிருந்துதான் கேட்பேன்.

உன் பெண்சாதியின் தமையனும், உன் மகளின் மாமனும், இந்த வயதில் வாயை மூடப் பழகுகிறவனுமான
உன் மச்சான்
சந்திரன்